வியாபாரத்தை விட்டு இறையியல் படிக்கப் போகிறவர்களுக்கு: சீர்திருத்த செமினரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாற்பதை நெருங்கும்போது நான் வியாபாரத்தை விட்டு செமினரிக்கு, அதாவது இறையியல் கல்லூரிக்கு, படிக்கப் போனேன். அதே யோசனையோடு இருப்பவர்கள் அதற்குப் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகள் அவர்களுடையவை. பதில்களில் தெரியும் பிடிவாதம் என்னுடையது.

சீர்திருத்த செமினரி என்றால் என்ன? பதினாறாம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினைச் சொல்லிக்கொடுத்தால் போதுமா?

போதாது. தெரிந்துகொள்ளுதலையும் (இரட்சிப்புக்கென்று தேவன் மனிதரைத் தெரிந்தெடுப்பது) கிருபையையும் அழுத்திப் போதிக்கிற கல்லூரிகள் நிறைய உண்டு, அவற்றில் பல நல்ல கல்லூரிகளும்கூட. ஆனால் சீர்திருத்த மரபு இரட்சிப்பைப் பற்றிய ஐந்து போதனைகளோடு முடிவதில்லை. உடன்படிக்கை, ஞானஸ்நானம், திருவிருந்து, ஆராதனை, சபை ஆளுகை என்று எல்லாவற்றிலும் அதற்கு எழுதி வைத்த நிலைப்பாடு இருக்கிறது. அந்த எழுத்துக்குப் பெயர்தான் விசுவாச அறிக்கை.

இதில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஐரோப்பியக் கண்டத்தில் எழுந்த சபைகளுக்கு பெல்ஜிக் விசுவாச அறிக்கை (1561), ஹைடல்பெர்க் வினாவிடை (1563), டார்ட் நகரில் கூடிய சினாட் என்ற சபை மாமன்றத்தின் தீர்மானங்கள் (1618–19) ஆகிய மூன்றும். பிரிட்டனிலிருந்து வந்த, மூப்பர்கள் கூடி ஆளுகிற பிரஸ்பிட்டேரியன் சபைகளுக்கு 1640களில் எழுதப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் அதன் இரண்டு வினாவிடைகளும். சிறிய வினாவிடையில் 107 கேள்விகள், பெரியதில் 196. இவை தவிர, வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைத் தழுவி, ஞானஸ்நானத்திலும் சபை ஆளுகையிலும் வேறுபடுகிற 1689 பாப்டிஸ்ட் அறிக்கையும் உண்டு. சீர்திருத்த பாப்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் அதைப் பின்பற்றுகிறவர்கள்.

செமினரியின் சுவரில் எந்த அறிக்கை மாட்டியிருக்கிறது என்று பார்ப்பதைவிட, அங்கே பாடம் நடத்துகிறவர்கள் எதற்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

அப்படியானால் எந்த செமினரி நல்லது என்று முதலில் பார்க்க வேண்டுமா?

இங்கேதான் வியாபாரிகளாகிய நாம் வழுக்குகிறோம். சரக்கு வாங்கப் போகிற மாதிரி பெயர், கட்டணம், தங்குமிடம் என்று பட்டியல் போட்டு ஒப்பிட ஆரம்பித்துவிடுகிறோம். நானும் போட்டேன், பதினோரு செமினரிகளை ஒரு எக்ஸெல் தாளில்.

செமினரி யாரையும் போதகர் ஆக்குவதில்லை. பட்டம் மட்டும்தான் கொடுக்கும். சீர்திருத்த சபைகளில் ஒருவரைச் சோதித்து, கைகளை வைத்து ஊழியத்துக்குப் பிரதிஷ்டை செய்வது சபைதான். பிரஸ்பிட்டேரியன் சபைகளில் அது பிரஸ்பிட்டரியின் வேலை, டச்சு மரபுச் சபைகளில் கிளாசிஸின் வேலை. இரண்டும் ஒரு வட்டாரத்துச் சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் கூடும் மன்றங்கள். அதனால் கடைசியில் உங்களைத் தேர்வு செய்யப் போகிறவர்கள் யார் என்பதிலிருந்து பின்னோக்கி வாருங்கள். அவர்கள் எந்தப் பட்டத்தை ஏற்கிறார்கள், எபிரெயமும் கிரேக்கமும் கேட்கிறார்களா, எத்தனை மாதம் பயிற்சி ஊழியம் வேண்டும் என்கிறார்கள்? இதற்கெல்லாம் பதில் கையில் இருந்தால் பதினோரு பெயர் தானாக மூன்றாகச் சுருங்கிவிடும்.

ஒரு உதாரணம். அமெரிக்காவின் பிசிஏ சபையில் (1973-ல் உருவான பிரஸ்பிட்டேரியன் சபை) ஊழியத்துக்கு விண்ணப்பிக்கிறவர், வழக்கமாக ஆறு மாதமாவது ஒரு சபையில் நற்சாட்சியுள்ள அங்கத்தினராக இருந்திருக்க வேண்டும். பிறகு பிரஸ்பிட்டரியின் பராமரிப்பில் வந்து, குறைந்தது ஒரு வருடம் பயிற்சி ஊழியம் செய்து, வேதாகம அறிவு, இறையியல், சபை வரலாறு, சபை ஆளுகை என்று ஒவ்வொன்றிலும் தேர்வு எழுத வேண்டும். இது தெரியாமல் மூன்று வருடம் படித்துவிட்டு வந்து, அப்புறம் சபை தேடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குக் கடிகாரம் அப்போதுதான் ஓடத் தொடங்குகிறது.

என் கதையும் பெருமைப்படும்படி இல்லை. முதலில் சேரவிருந்த இடத்துக்கு முன்பணமே கட்டிவிட்டேன். அதற்குப் பிறகுதான் என் சபையை ஆளும் மூப்பர்களில் ஒருவர், "அந்தப் பட்டத்தை நம் தேர்வுக்குழு ஏற்காதே, யாரிடமாவது கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. முன்பணம் போனது போனதுதான்.

சரி, பெயர்களைச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்?

ஆங்கிலத்தில் படிக்கத் தயாராக இருப்பவர்களின் பேச்சில் அதிகம் வருவது அமெரிக்க செமினரிகள்தான், அவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

பிலடெல்பியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் 1929-ல் பிறந்தது. 1812-ல் தொடங்கிய பிரின்ஸ்டன் செமினரியின் நிர்வாகம் மாற்றியமைக்கப்பட்டபோது, பழைய போதனை இனி நிற்காது என்று வெளியேறிய கிரெஷாம் மேச்சனும் அவரோடு வந்த ஆசிரியர்களும் தொடங்கியது. கொர்னேலியஸ் வான் டில் பல பத்தாண்டுகள் அங்கே கற்பித்தார். விசுவாசத்துக்கான வாதத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதில் அவருடைய முத்திரை இன்றும் அங்கே உண்டு. வேதாகமம் முழுவதையும் மீட்பின் வரலாறாகப் படிக்கும் முறையும் அங்கே ஆழமானது. மூல மொழிகளில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

கலிபோர்னியாவின் எஸ்கொண்டிடோவில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் முதலில் இதன் கிளை. 1982-லிருந்து தனி நிறுவனம். பெயர் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். நியாயப்பிரமாணம், சுவிசேஷம் இரண்டையும் பிரித்துக் காட்டுவதிலும், திருச்சபைக்கும் பொதுவாழ்வுக்கும் உள்ள எல்லையிலும் கலிபோர்னியாக்காரர்களுக்குத் தனிச் சுருதி.

ரிஃபார்ம்ட் தியாலஜிக்கல் செமினரி, சுருக்கமாக ஆர்.டி.எஸ்., 1966-ல் மிசிசிப்பியின் ஜாக்சனில் தொடங்கியது. இப்போது ஆர்லாண்டோ, சார்லட், அட்லாண்டா, வாஷிங்டன் என்று பல நகரங்களில் வளாகங்கள். வேலையை உடனே விட முடியாதவர்களுக்கு இது வசதி. செயின்ட் லூயிஸின் கவனன்ட் செமினரி (1956) பிசிஏ சபையின் சொந்த செமினரி. அந்தச் சபையில்தான் ஊழியம் என்று முடிவாகிவிட்டால் அங்கே கிடைக்கும் தொடர்புகளை வேறு எங்கும் விலைக்கு வாங்க முடியாது.

மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸில் இரண்டு இருக்கின்றன, இரண்டும் இரண்டு உலகம். கால்வின் செமினரி 1876-லிருந்து கிறிஸ்டியன் ரிஃபார்ம்ட் சபையுடையது. டச்சு இறையியலாளரும் அரசியல்வாதியுமான ஆபிரகாம் கைப்பர் வழிவந்த, கலை, அரசியல், வியாபாரம் எல்லாமே கிறிஸ்துவுக்குக் கீழ்ப்பட்டவை என்கிற சிந்தனை அங்கே வலுவானது. வியாபாரிகளுக்கு அது உடனே பிடித்துவிடும். பியூரிட்டன் ரிஃபார்ம்ட் செமினரி 1995-ல் தொடங்கியது. பியூரிட்டன்களும் (இங்கிலாந்துத் திருச்சபையைச் சீர்திருத்த முயன்றவர்கள்) பழைய டச்சு பக்தி மரபும் அங்கே உயிர்நாடி. கேட்பவரின் மனச்சாட்சியைத் தொடுகிற பிரசங்கத்துக்கு முதலிடம். வெளிநாட்டு மாணவர்களும் நிறைய வருகிறார்கள்.

இன்னும் சிறியவை: இண்டியானாவில் மிட்-அமெரிக்கா, தென் கரோலினாவில் கிரீன்வில் பிரஸ்பிட்டேரியன், 1810-லிருந்து தொடங்கும் வரலாறு கொண்ட பிட்ஸ்பர்கின் ரிஃபார்ம்ட் பிரஸ்பிட்டேரியன் செமினரி. கடைசியாகச் சொன்னதை நடத்தும் சபையினர் ஆராதனையில் சங்கீதங்களை மட்டும், அதுவும் வாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்கள். சின்ன செமினரியில் ஆசிரியருக்கு உங்கள் பிள்ளைகளின் பெயர்கூடத் தெரிந்திருக்கும். பெரிய செமினரியில் நூலகம் பெரிது. என்னைக் கேட்டால், நடுவயதில் வருகிறவருக்கு முதலாவதுதான் அதிகம் உதவும்.

அமெரிக்காவுக்கு வெளியே, ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சின் எடின்பரோ செமினரி, நெதர்லாந்தின் அப்பெல்டோர்ன், தென்கொரியாவின் சோங்ஷின் போன்றவையும் இதே மரபில் வேரூன்றியவை.

எம்.டிவ். படிப்பதா, எம்.ஏ. போதுமா?

பிரசங்க பீடத்தில் நிற்கப் போகிறீர்கள் என்றால் எம்.டிவ்., அதாவது போதகர்களுக்கான முதுகலைப் பட்டம் (Master of Divinity). முழுநேரமாகப் படித்தால் மூன்று வருடம், வேலையோடு படித்தால் ஐந்து, ஆறு ஆகும். எபிரெயம், கிரேக்கம், வேத விளக்கம், முறைசார் இறையியல், சபை வரலாறு, பிரசங்கக் கலை, மேய்ப்புப் பணி எல்லாம் இதில் அடங்கும். எம்.ஏ. பெரும்பாலும் இரண்டு வருடம், மொழிகள் குறைவு அல்லது இல்லை. நல்ல மூப்பராக, வேதபாட ஆசிரியராக, கிறிஸ்தவ நிறுவன நிர்வாகியாக இருக்க எண்ணுகிறவருக்கு அது தாராளம்.

சில செமினரிகள் எம்.டிவ். படிப்பில் ஆண்களை மட்டுமே சேர்க்கின்றன, சில எல்லோரையும் சேர்க்கின்றன. பெண்கள் இதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

நான் படித்தது வணிகவியல். சேர்த்துக்கொள்வார்களா?

சேர்த்துக்கொள்வார்கள். ஏதோ ஒரு இளநிலைப் பட்டம், சபையின் பரிந்துரைக் கடிதம், ஆங்கிலம் தாய்மொழி இல்லையென்றால் மொழித் தேர்வு. பெரும்பாலும் இவ்வளவுதான். கணக்குப் பதிவியல் படித்தவரைவிட தத்துவம் படித்தவர் முதல் வருடம் கொஞ்சம் வேகமாக ஓடுவார். இரண்டாம் வருடம் சரியாகிவிடும்.

நாற்பத்தைந்து வயதில் கிரேக்கமும் எபிரெயமும் ஏறுமா?

ஏறும், மெதுவாக. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒரு மாலையில் மனப்பாடம் செய்கிற வினைச்சொல் வாய்பாட்டுக்கு எனக்கு நான்கு நாள் ஆனது. அவன் அடுத்த பருவத்தில் மறந்தான், நான் மறக்கவில்லை. நான் விடாமல் தினமும் உட்கார்ந்தேன், அவ்வளவுதான். காலையில் கடை திறக்கும் பழக்கம் அதற்கு உதவியது.

ஜான் நியூட்டனை நினைத்துக்கொள்ளலாம். அடிமைக் கப்பலின் தலைவனாக இருந்தவர், 1755-லிருந்து லிவர்பூலில் சுங்க அதிகாரியாக வேலை பார்த்துக்கொண்டே கிரேக்கமும் எபிரெயமும் தானாகக் கற்றார். கால்வினிய நம்பிக்கை கொண்ட அவர் இங்கிலாந்து திருச்சபையில் ஊழியத்துக்கு விண்ணப்பித்தபோது மறுத்துவிட்டார்கள். பல வருடம் காத்திருந்து 1764-ல்தான் பிரதிஷ்டை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 38. இன்னொருவர் பெல்ஜிக் அறிக்கையை எழுதிய கிடோ டி ப்ரே. அவர் இளமையில் கற்ற தொழில் கண்ணாடியில் ஓவியம் தீட்டுவது.

மொழிகளை விட்டுவிட்டால் என்ன என்று கேட்பவர்களிடம் நான் வியாபார பாஷையிலேயே பேசுவேன். மற்றவர் எழுதிய பேரேட்டை மட்டும் நம்பிக் கடை நடத்துவீர்களா? மூல மொழி தெரியாத போதகர் கடைசிவரை யாரோ ஒருவருடைய கணக்கை நம்பித்தான் இருக்க வேண்டும். வியாபாரத்தை விற்கும் முன்பே ஒரு கிரேக்கப் பாடநூலை வாங்கி ஆறு மாதம் உட்கார்ந்து பாருங்கள். உங்களைப் பற்றியே நிறையத் தெரிந்துவிடும்.

அங்கீகாரம் எவ்வளவு முக்கியம்?

நீங்கள் அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இறையியல் பள்ளிகளை ஏ.டி.எஸ். என்ற சங்கம் அங்கீகரிக்கிறது. பின்னால் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம், ராணுவத்தில் சமய ஊழியம், வேறு நாட்டில் ஆசிரியர் பணி என்று யோசனை இருந்தால் அங்கீகாரம் இல்லாத பட்டம் கதவை அடைத்துவிடும். சபை ஊழியம் மட்டும்தான் என்றால் உங்கள் சபை ஏற்பதே போதும். கொள்கைக்காகவே வெளி அங்கீகாரத்தை நாடாத நல்ல சிறிய செமினரிகளும் இருக்கின்றன. ஆனால் அங்கீகாரமும் இல்லை, எந்தச் சபையின் கண்காணிப்பும் இல்லை, தபாலில் டாக்டர் பட்டம் மட்டும் கொடுக்கிறார்கள் என்றால், வியாபாரத்தில் அதற்கு என்ன பெயர் என்று உங்களுக்கே தெரியும்.

வியாபாரத்தை வைத்துக்கொண்டே ஆன்லைனில் படித்தால் ஆகாதா?

தொடங்குவதற்கு ஆகும். இப்போது பல செமினரிகள் முழுதாகவோ பாதியோ இணையத்தில் நடத்துகின்றன. ஆர்.டி.எஸ். தன் வகுப்பு உரைகளில் பலவற்றை யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கும்படி வைத்திருக்கிறது. ஒரு பைசா செலவில்லாமல் ஒரு வருடம் கேட்டுப் பார்க்கலாம்.

ஆனால் முழுப் படிப்பையும் திரைக்கு முன்னால் முடிப்பது ஆற்றிலே ஒரு கால், சேற்றிலே ஒரு கால் கதைதான். வகுப்பில் கற்றதை நான் மறந்திருக்கலாம். ஒரு ஆசிரியர் என் முதல் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, அறைக்குக் கூப்பிட்டு, "நீங்கள் வசனத்தை விளக்கவில்லை, விற்றீர்கள்" என்று சொன்னது மறக்கவில்லை. அதை யாரும் மின்னஞ்சலில் எழுத மாட்டார்கள். இணையத்தில்தான் படிக்க முடியும் என்கிற நிலை இருந்தால், உள்ளூர் போதகர் ஒருவர் மாதம் இரண்டு முறையாவது உங்கள் பிரசங்கத்தைக் கேட்டுத் திருத்த ஒப்புக்கொள்ளட்டும்.

வியாபாரத்தை விற்றுவிட்டுப் போகவா, வேண்டாமா?

அவசரப்பட்டு விற்காதீர்கள். சேர்க்கைக் கடிதம் வரும் முன்பே நான் விலை பேசினேன். வாங்க வந்தவருக்கு என் அவசரம் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அவர் சொன்ன விலையை இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. ஊழியத்துக்குப் போகிறவன் பேரம் பேசக்கூடாது என்று அப்போது ஏதோ ஒரு தவறான பக்தி வேறு. கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இயேசுவே.

கணக்குப் பார்க்கும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதாதீர்கள். பெரும்பாலும் அதைவிட வீட்டுச் செலவுதான் பெரிது. மருத்துவக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளி, படிப்பு முடிந்து அழைப்பு வரும்வரை ஆகும் இடைவெளி. அந்த இடைவெளிக்கு ஒரு வருடச் செலவு தனியாக இருக்கட்டும். கடன் வாங்கிப் படிக்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். போதகர் சம்பளத்தில் கடனை அடைப்பது முதலுக்கே மோசம். உதவித்தொகை கேட்க வெட்கப்படவும் வேண்டாம். தங்கள் சபை மாணவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தரும் செமினரிகள் உண்டு, மாணவரைத் தாங்கும் சபைகளும் உண்டு. வியாபாரம் செய்தவனுக்கு வாங்கிக் கொள்வது கஷ்டமாக இருக்கும். எனக்கு அதுவே ஒரு பாடமாக அமைந்தது.

வெளிநாட்டிலிருந்து அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மாணவர் விசாவான எஃப்-1-ல் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். எஃப்-2-ல் கூட வரும் கணவனோ மனைவியோ வேலைக்குப் போகவே முடியாது. முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதை முன்கூட்டியே காட்ட வேண்டும். அங்கே இருந்துகொண்டு ஊரிலுள்ள தொழிலை நிர்வகிக்கலாமா என்பதைக் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும், நண்பர்களிடம் கேட்டுவிட்டு அல்ல.

வீட்டில் முழுச் சம்மதம் இல்லை. போகலாமா?

போகாதீர்கள். தன் குடும்பத்தை நடத்தத் தெரியாதவன் தேவனுடைய சபையை எப்படி விசாரிப்பான் என்று பவுல் கேட்கிறார். ஒரு வருடம் தள்ளிப்போனால் செமினரி ஓடிப்போகாது.

நேரில் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

பெரும்பாலான செமினரிகளில் விண்ணப்பிக்க விரும்புகிறவர்கள் வந்து பார்ப்பதற்கென்று சில நாட்களை ஒதுக்குவார்கள். அன்றைக்கு எல்லாம் பளபளப்பாக இருக்கும். முடிந்தால் சாதாரண நாளில் போங்கள். இரண்டாம் வருட மாணவர் ஒருவரைத் தனியாகப் பிடித்துப் பேசுங்கள். முதல் வருடத்தவருக்குத் தேனிலவு, மூன்றாம் வருடத்தவருக்கு வேலைக் கவலை, நடுவில் இருப்பவர்தான் உண்மை பேசுவார்.

ஆசிரியர்களில் எத்தனை பேர் போதகராக ஊழியம் செய்தவர்கள் என்று கேளுங்கள். அறிக்கைக்கு முரணாகக் கற்பிக்க ஆரம்பித்தால் ஆசிரியருக்கு என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். எழுதப்பட்ட நடைமுறை இருந்தால் உடனே சொல்வார்கள், இல்லையென்றால் பேச்சை மாற்றுவார்கள். குடும்பஸ்தர்கள் எத்தனை பேர் படிக்கிறார்கள், அவர்களுடைய வீட்டார் சேர்ந்து ஜெபிக்க, பேச, அழ இடம் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமை ஆசிரியர்கள் எந்தெந்தச் சபைகளுக்குப் போகிறார்கள்? அங்கேயே போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். என் முடிவு அப்படி ஒரு ஞாயிறு மாலையில்தான் ஆனது. நான் முந்தின நாள் பார்த்து வாய்பிளந்த இறையியல் பேராசிரியர், ஆராதனை முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்.

வியாபார அனுபவம் ஊழியத்தில் பயன்படுமா?

பயன்படும், தொந்தரவும் செய்யும். வரவுசெலவுத் திட்டம், கட்டட வேலை, சண்டை பிடிக்கிற இரண்டு பேரை உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் கைவந்த கலையாக இருக்கும். ஆனால் ஆராதனைக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கல்லாப்பெட்டி மாதிரி இரவில் எண்ணும் புத்தி லேசில் போகாது. கூட்டத்தில் முடிவெடுக்கும் பழக்கமும் இருக்காது. கம்பெனியில் நான் சொன்னால் நடந்தது. மூப்பர் சங்கத்தில் எனக்கும் ஒரு ஓட்டுதான்.

படித்த பிறகு போதகர் அழைப்பு வராவிட்டால்?

வராமலும் போகலாம். அழைப்பு என்பது உங்கள் மனதில் இருக்கும் விருப்பம் மட்டும் அல்ல. ஒரு சபை உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பது சீர்திருத்த மரபின் பழைய தெளிவு. அதனால்தான் படிக்கப் போகும் முன்பே உங்கள் மூப்பர்களிடம், "எனக்கு இந்த வரம் இருப்பதாக உங்களுக்குத் தெரிகிறதா?" என்று நேராகக் கேட்கச் சொல்கிறேன். அவர்கள் தயங்கினால் அந்தத் தயக்கத்துக்கு மதிப்புக் கொடுங்கள்.

என்னோடு படித்த ஒருவர் இரண்டாம் வருடத்தில் தானாகவே முடிவு செய்து எம்.ஏ.வோடு நிறுத்திக்கொண்டு தொழிலுக்கே திரும்பினார். தோல்வி என்று அவர் நினைக்கவில்லை. இன்றைக்கு அவர் சபையின் ஆளும் மூப்பர். பிரஸ்பிட்டரி கூடும்போது அவர் ஓட்டுக்கும் போதகர்களின் ஓட்டுக்கும் ஒரே எடைதான். ஊழியத்துக்கு வருகிற வாலிபர்களைத் தேர்வு செய்யும் குழுவிலும் இருக்கிறார். அவர் கேட்கிற கேள்விகளுக்குத்தான் பையன்கள் அதிகம் பயப்படுகிறார்கள் என்று கேள்வி.